கண்ணும் முத்தும்

கண் சிறுத்தோ கண்ணே அமையாமலோ குழந்தை பிறந்துவிட்டால், கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாள் என்று தீர்ப்புக் கூறுவோர் நம்மிடையே இன்றும் உளர். கருவின் நான்காம் வாரத்திலேயே கண்ணின் அரும்பு எழுகின்றது. தான் கருவுற்றதைத் தாய் உணருமுன்னரே கேடு நேர்ந்துவிடலாம். மரபணுப் பிழையும், சில வேளைகளில் ருபெல்லா நோயும் அதற்குக் காரணங்கள். ருபெல்லாவுக்கு இலங்கையில் 1996 இலேயே தடுப்பூசி வந்துவிட்டது. தாய்மீது சுமத்தும் பழிக்குத்தான் இன்னும் மருந்தில்லை.

அதனினும் கொடியது காலந்தாழ்த்தல். கண் வளர்ந்தாலன்றிக் கண்குழி வளராது. ஆதலால் முதல் மாதங்களிலேயே குழிக்குள் சிற்றச்சு வைத்து, அதைப் படிப்படியாகப் பெரிதாக்கி வரல் வேண்டும். இல்லாத பார்வை வராது. ஆனால் முகம் கோணாது. இதற்குப் பலமுறை வைத்தியரை நாட வேண்டும். 1990 இல் துரத்தப்பட்டு, 2009 இன் பின் காடு வெட்டி மீளக் குடியேறிய முசலித் தாய் எத்தனை முறை கொழும்புக்குப் பேருந்து ஏறுவாள்? 1905 இல் முத்துக்குளிப்புக்கென இதே கரையில், மரிச்சுக்கட்டியில், சில வாரங்களுக்காக வைத்தியசாலையுடன் ஒரு நகரமே எழுந்தது. முத்துக்கு இயன்றது கண்ணுக்கு ஏன் இயலாது? மாதம் ஒருமுறையேனும் கண் வைத்தியர் அச்சுகளுடன் சிலாவத்துறைக்கு வரட்டும்.