ரேகை விழாத கைகளுக்கும் ரேஷன்: அமிர்தி மலைக் கிராமங்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மலைவாழ் குடும்ப அட்டைதாரர் சங்கம்,
அமிர்தி, ஜவ்வாது மலை,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வேலூர்.

நகல்: மாவட்ட வழங்கல் அலுவலர் அவர்கள்.

பொருள்: நியாயவிலைக் கடைக் கருவியை மலைவாழ் மக்கள் கையாளும்படி மாற்றியமைக்கக் கோருதல் – தொடர்பாக.



வெளியூர்க்காரர்களுக்கு அமிர்தி என்றால் 1967-இல் திறந்த உயிரியல் பூங்காவும் மழைக்காலத்து அருவியும்தான். அதற்கு மேலே மலையில் சாமை விதைத்து, புளி உலுக்கி, தேன் எடுத்துப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் நாங்கள். பல வீடுகளில் ரேஷன் அரிசி வந்தால்தான் உலை கொதிக்கும். அரிசியின் தரம் பற்றியோ அளவு பற்றியோ இந்த மனுவில் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அந்த அரிசியை வாங்க எங்கள் விரல் தொட வேண்டியிருக்கிற கருவியைப் பற்றியே எழுதுகிறோம்.

2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்தபோது சிரமம் இருக்கவில்லை. அட்டையை நீட்டினால் கடைக்காரர் ஸ்கேன் செய்வார், சாமான் கிடைக்கும். 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தோடு ரேகை வைப்பது வந்தது. புளி ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கும் கை, களை பிடுங்கும் கை, கல் சுமக்கும் கை எங்களுடையது. அதில் ரேகையின் மேடுகள் தேய்ந்துபோகின்றன. வயது ஏறினால் தோலும் வறண்டுவிடுகிறது, கண்ணாடியில் சரியாகப் பதிவதில்லை. "ரேகை விழல, கைய தொடச்சிட்டு வாங்க" என்றதும் எங்கள் பாட்டிமார் விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு மறுபடி வைக்கிறார்கள். இந்த வித்தையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

விரலைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. கருவி, முடியவில்லை என்கிறது. ஏன் முடியவில்லை என்பது வரிசையில் நிற்பவருக்கு விளங்குவதில்லை. விரல் பதியவில்லையா, டவர் இல்லையா, சர்வர் நின்றுவிட்டதா? விரல் என்றால் வேறு விரல் வைக்கலாம், கருவிழி காட்டலாம். டவர் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். சர்வர் என்றால் வீட்டுக்குப் போய் மறுநாள் வரலாம். காரணம் தெரியாததால் எல்லோரும் தங்கள் விரலையே பழிக்கிறார்கள். நன்றாக இருக்கிற ஆதாரைப் புதுப்பிக்க ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்குகிறார்கள். 'இது உன் தப்பு' என்று மனிதரை நம்பவைக்கிற கருவியில்தான் தப்பு என்பதை அமெரிக்க அறிஞர் டான் நார்மன் 1988-லேயே ஒரு நூல் முழுக்க விளக்கியிருக்கிறார்.

ரேகைக்குப் பதில் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணைச் சொல்லும் வழியும் எங்களுக்கு அரை வழிதான். அட்டையில் பதிந்த கைபேசி எண் திருப்பூரிலோ கர்நாடகக் காப்பித் தோட்டத்திலோ வேலை செய்யும் மகனுடையதாக இருக்கிறது. சாமான் வாங்கிய குறுஞ்செய்தியும் அவனுக்கே போகிறது. இங்கே வாங்காத சர்க்கரை வாங்கியதாகப் பதிவானாலும் கிழவிக்குத் தெரிய வழியில்லை. எடைத் தராசைப் புளூடூத்தில் கருவியோடு இணைத்தது நல்ல நோக்கத்தில்தான். ஆனால் வரிசை நீண்டுவிட்டது. கடை ஊழியரும் எங்களைப் போலவே தவிக்கிறார். அவர்மேல் எங்களுக்குப் புகார் இல்லை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் முதியோர் வீட்டு வாசலுக்கே பொருளைக் கொண்டுவருவதை நன்றியோடு குறிப்பிடுகிறோம். வாசலிலும் டவர் வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கருவி செய்வது அரசுக்குப் புதிதல்ல. 1951–52 முதல் பொதுத்தேர்தலிலேயே எழுத்தறியாதவர்களுக்காகச் சின்னங்கள் வந்தன. 1982-இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதலாக வைத்துப் பார்த்த வாக்குப்பதிவு இயந்திரத்தில் இன்றும் சின்னத்துக்கு நேரே ஒரு பொத்தான்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது, 'பீப்' கேட்கிறது. யாருக்குப் போட்டோம் என்ற சீட்டு 7 விநாடி கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் பாட்டிமார் அதில் தடுமாறியதே இல்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தொடும் கருவிக்குக் காட்டிய அக்கறையை மாதந்தோறும் தொடும் கருவிக்கும் காட்டக் கேட்கிறோம்.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. அங்க அடையாளம் பொருந்தாவிட்டால் மாற்று வழியில் பொருள் தர வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24-இல் சுற்றறிக்கை விட்டது. கண் சிமிட்ட முடியாததால் கே.ஒய்.சி. என்னும் அடையாளச் சரிபார்ப்பைச் செய்ய இயலாமல் போன அமில வீச்சுக்கு ஆளானவர் தொடுத்த வழக்கில், மின்னணுச் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்தது.

ஆகவே நாங்கள் கேட்பது: கருவி தோற்கும்போது காரணத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், திரையில் விரல், கோபுரம் போன்ற படமும் வர வேண்டும். ரேகை பதியாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கிப் பொருள் தரும் வழி, கடைக்காரரின் மனசை நம்பியில்லாமல், கருவியிலேயே ஒரு பொத்தானாக இருக்க வேண்டும். டவர் இல்லாத நேரத்தில் விற்பனையைப் பதிந்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி மலைக் கடைகளுக்கு அவசியம். பில் போடும் முன் எந்தப் பொருள், எத்தனை கிலோ என்று கருவி உரக்கச் சொல்லட்டும், கையில் ஒரு காகித ரசீதும் வரட்டும். 1967 என்ற உதவி எண்ணைப் படம் போட்டுக் கடை வாசலில் எழுதுவதற்குச் செலவே அதிகமில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. இனி எந்தப் புதிய கருவியோ மென்பொருளோ வந்தாலும், மாவட்டம் முழுக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு மாதம் மலைக் கடையில் வைத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்த பொறியாளர்கள் கூட்டமான நாளில் வந்து பக்கத்தில் நிற்கட்டும். சொல்லிக்கொடுக்க வேண்டாம், பார்த்தால் போதும். வந்து தங்க இடமும் சாமைச் சோறும் நாங்கள் தருகிறோம்.

இந்த மனு மீது எடுக்கும் நடவடிக்கையைக் குறுஞ்செய்தியாக அல்லாமல் தாளில் எழுதிச் சங்கத்தின் முகவரிக்குத் தபாலில் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்
(கையெழுத்துகளும் பெருவிரல் ரேகைகளும் தனித் தாளில்)