குளிர் மெத்தை போதுமா?



"ஃபிரிஜ் ரிப்பேர் பண்ணத்தானே படிக்கிறீங்க" என்று எங்கள் மெக்கானிக்கல் பிரிவைக் கேலி செய்வோருக்கு முதலில் ஒரு செய்தி. பிறந்ததும் அழாமல், மூச்சுத் திணறிப் போன குழந்தையின் மூளையைக் காப்பாற்ற அதன் உடம்பை வேண்டுமென்றே குளிர வைக்கும் வைத்தியம் ஒன்று இருக்கிறது. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 37 டிகிரி உடம்பை 33.5 டிகிரிக்கு இறக்கி, 72 மணி நேரம் அங்கேயே நிறுத்த வேண்டும். பிறகு மணிக்கு அரை டிகிரி வீதம் மெல்ல ஏற்ற வேண்டும். சூடு குறைந்தால் மூளைக்கு ஆக்சிஜன் தேவையும் குறையும். சில மணி நேரம் கழித்து வரும் இரண்டாவது சேதம் மட்டுப்படும். இதுதான் கணக்கு.

எங்க அம்மாவிடம் சொன்னேன். "பச்சப்புள்ளய யாராச்சும் குளிர்ல போடுவாங்களா?" என்று திட்டினார்கள். அவர்கள் சொல்வதும் நியாயமே. நல்லபடியாகப் பிறந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் கதகதப்புதான் உயிர்.

சரி, ஐஸ் வைத்தால் ஆகாதா? ஆரம்பாக்கம் பக்கத்துக் குப்பங்களில் ஐஸைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஏரி இறாலை நொறுக்கிய ஐஸில் புதைத்துத்தான் விற்பனைக்கு அனுப்புகிறோம். ஐஸ் உருகி முடியும் வரை 0 டிகிரியை விட்டு நகராது. இதை நான் 'உள்ளுறை வெப்பம்' என்று வகுப்பில் படித்தேன், எங்க நைனாவுக்கு அது கைப்பழக்கம். ஆனால் இறாலுக்கு ஏற்ற 0 டிகிரி குழந்தையின் தோலுக்கு ஆகாது. தோல் புண்ணாகும், சூடு அளவுக்கு மீறிச் சரியும். வெளிநாட்டு இயந்திரங்கள் மெத்தைக்குள் தண்ணீரை ஓடவிட்டு, உடம்புச் சூட்டை சென்சாரில் பார்த்துத் தாமே கூட்டிக் குறைக்கும். விலைதான் எட்டாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முதலில் துணி சுற்றிய ஜெல் பைகளை வைத்துச் செய்தார்கள். பிறகு 0 டிகிரிக்கு பதிலாக 21 டிகிரி அளவில் உருகும் பொருளை மெத்தையாக்கினார்கள். 'மிராகிரேடில்' என்ற தொட்டில் அப்படி வந்ததுதான். குளிர்விக்கும்போது கரண்டே வேண்டாம். நம்ம பாடப் புத்தகத்து உள்ளுறை வெப்பமேதான், நண்பர்களே!

இதோடு நிறுத்தினால் பெருமையாக இருக்கும். நிறுத்த முடியவில்லை. 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்காளதேசத்தில் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் 'ஹீலிக்ஸ்' என்ற ஆய்வு நடந்தது. 2021இல் முடிவு வெளியானது. குளிர வைத்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்திருந்தன. குளிர வைக்காதவற்றில் 31 சதவீதம். அங்கே வைத்தது ஐஸ் அல்ல, தானியங்கி இயந்திரம். பணக்கார நாடுகளில் உயிர் காத்த அதே முறை! நம் பக்கத்துக் குழந்தைகளுக்குச் சேதம் பிரசவத்துக்கு முன்பே மெல்ல மெல்லத் தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மறுபக்கம், உருகும் மெத்தையை வைத்து இந்தியாவில் 50 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு (2020) மூளைச் சேதம் குறைந்ததைக் காட்டியது. மருத்துவர்களே இதில் இரண்டு கட்சி.

ஆகவே, தொட்டில் மலிவு என்பதற்காக எல்லா சின்ன ஆஸ்பத்திரிக்கும் வாங்கிப் போடலாம் என்ற பேச்சு எனக்கு உடன்பாடில்லை. மலிவானது மெத்தை மட்டும். செயற்கை சுவாசக் கருவியும், மூன்று ராத்திரி மூன்று பகல் மாறி மாறிக் கண்விழிக்கும் நர்ஸுகளும் மலிவில்லை. ஏரித் தீவு ஊர்களில் வலி எடுத்த பெண் படகில் கரை சேர்ந்த பிறகுதான் 108 வண்டி ஏற முடியும். எதிர்க்காத்து அடிச்சா? அந்த 6 மணி நேரத்தில் எவ்வளவு மிஞ்சும்? பிரசவ அறையில் குழந்தையின் இதயத் துடிப்பை விடாமல் எண்ணும் ஒரு நர்ஸ், ராத்திரியிலும் கிளம்பும் ஒரு மோட்டார் படகு, இவை முதலில் வரட்டும்.

எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மெஷின் என்றால் எனக்கும் ஆசைதான். அதனால் ப்ராஜக்டுக்குத் தலைப்பு தேடும் ஜூனியர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வயிற்றின் மேல் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் பேட்டரிக் கருவியை, படகிலேயே கொண்டு போகிற மாதிரி, உப்புக் காத்துல கெடாம இருக்கிற மாதிரி, குறைந்த விலையில் செய்து பாருங்கள். பெட்டியை நாங்கள் செய்து தருகிறோம். சர்க்யூட்டுக்கு ஈ.சி.ஈ. நண்பர்கள் வரட்டும்.