பன்றி எத்தனை, தோட்டா எத்தனை

கேரளத்தின் தெற்கு எல்லையோரம், ஆரியங்கோட்டில் ஸ்போர்ட்ஸ் கிளப் என்றால் வாலிபால், கேரம், ஓணத்துக்கு வடம்வலி. வேட்டைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. துப்பாக்கியும் சட்டதிட்டமும் வைத்துக்கொண்டு வேட்டையாடிய கிளப்புகள் நீலகிரியிலும் மூணாறிலும் வெள்ளைக்காரத் துரைமார் நடத்தியவை. நெய்யாற்றின் கரையில் மரச்சீனியும் ஏத்தவாழையும் வைத்துப் பிழைத்தவர்களுக்கு அந்த வசதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் ஆரியங்கோடு, ஒற்றசேகரமங்கலம், வெள்ளறடை பக்கத்து டீக்கடைகளில் இன்று ஆயுதச் சட்டம் பேசுகிற அளவுக்கு வக்கீல்கள்கூடப் பேச மாட்டார்கள். எஸ்ஜி தோட்டா நல்லதா எல்ஜி நல்லதா, லைசென்ஸ் புதுப்பிக்கக் கொடுத்த மனு எந்த மேசையில் கிடக்கிறது, தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வந்ததா? எல்லாவற்றுக்கும் காரணம் பன்றி.

பன்றி இறங்கிப் போன மரச்சீனி விளையை மறுநாள் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். மூடு மூடாக மண் கிளறிக் கிடக்கும். கம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கிழங்கு மறுபக்கம் பாதி கடிபட்டு வெளுத்துத் தெரியும். தின்றது கொஞ்சம், தள்ளிப் போட்டது நிறைய. மூன்று மாத வாழையின் அடிக்கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டு, வாழையைப் படுக்கப் போட்டிருக்கும். சேனையும் காச்சிலும் நட்ட இடத்தில் குழிதான் மிச்சம். விளையைச் சுற்றிப் பழைய சேலைகளை வரிசையாகக் கட்டிவிடுகிறார்கள். முடிதிருத்தும் கடையிலிருந்து சாக்கு நிறைய முடி கொண்டுவந்து வரப்பில் தூவுகிறார்கள். புதிதாக இருக்கும்வரை பன்றி யோசிக்கும், பழகினால் சேலையை மிதித்துக்கொண்டே உள்ளே வரும்.

காட்டை அழித்துவிட்டோம், பாவம் மிருகம் எங்கே போகும் என்று நகரத்து நண்பர்கள் கேட்கிறார்கள். நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் பக்கத்தில்தான் இருக்கிறது. 1958இல் அறிவித்தது, 128 சதுர கிலோமீட்டர். ஆனால் ஆரியங்கோட்டு விளைகளில் புகுகிற பன்றிகள் எல்லாம் அங்கிருந்து இறங்கி வருகின்றன என்று நான் நம்பவில்லை. விலை விழுந்தபின் வெட்டாமல் விட்ட ரப்பர் விளைகளில் ஆள் உயரத்துக்கு அடிக்காடு வளர்ந்து கிடக்கிறது. பகலில் அங்கே படுக்கை, ராத்திரியில் பக்கத்து விளையில் சாப்பாடு. குட்டி போடுவதும் அங்கேதான். இவை நம் ஊரில் பிறந்து நம் ஊரில் வளர்கிற பன்றிகள். விடிவதற்கு முன் நெற்றி விளக்குடன் ரப்பர் வெட்டப் போகிறவருக்கும், பால் பாத்திரத்தோடு பைக்கில் போகிறவருக்கும் குறுக்கே பாய்பவை இவைதான்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1991இல் அதைத் திருத்தியபோது வேட்டை மொத்தமாகக் குற்றமானது. அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடிகளுக்கும் அதில் விலக்கு இல்லை. நிக்கோபார் தீவுப் பழங்குடிகளுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். காட்டுப்பன்றி முதலில் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது அட்டவணைகளைக் குறைத்து அதை இரண்டாவதில் சேர்த்தார்கள். இந்த இரண்டில் எதில் இருந்தாலும், உயிருக்கோ பயிருக்கோ ஆபத்து என்று தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் சொன்னால் சுடலாம் என்று 11ஆம் பிரிவு இடம் வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் சில விவசாயிகளுக்கு அந்தப் பிரிவின்கீழ் அனுமதி கொடுக்கச் சொன்னது. 2022 மே மாதம் அரசு அந்த அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்கள், நகராட்சித் தலைவர்கள், மேயர்கள் கையிலேயே கொடுத்துவிட்டது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கியால் சுட வேண்டும். செத்ததை முறைப்படிப் புதைக்க வேண்டும், கறி ஒரு துண்டும் வீட்டுக்குப் போகக் கூடாது. ஒரு வருடத்துக்கென்று வந்த உத்தரவு, அதன்பின் நீட்டிக்கப்பட்டது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதிகாரம் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டது, துப்பாக்கி வரவில்லை.

இந்தப் பகுதியில், பன்றி சுட அனுமதி பெற்றவர்களின் பேனலில் பேர் உள்ள ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். எழுபதைத் தாண்டியவர். அப்பா காலத்து இரட்டைக்குழல், பன்னிரண்டு போர். எண்ணெய் போட்டுத் துடைத்து, உறையில் போட்டு, பீரோவுக்குள் நிற்க வைத்திருக்கிறார். சட்டம் வந்தபின் பல வருடம் அந்தத் துப்பாக்கி வெளியே வந்தது லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயத்தில் மட்டும்தான். 2022க்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று போன். "மாமா, கொஞ்சம் வரணும்" என்று ஆள் வந்து ஜீப்பில் கூட்டிப் போகிறார்கள்.

ஒரு ராத்திரி நானும் கூடப் போயிருந்தேன். விளையின் மேற்கு வரப்பில் காத்திருந்தோம். நாய் ஒன்று இரண்டு தடவை குரைத்துவிட்டு நின்றது. டார்ச் அடித்ததும் பன்றி நிற்பது தெரிந்தது, நல்ல பெரிய ஆண். முப்பது மீட்டர்கூட இருக்காது. பெரியவர் துப்பாக்கியைத் தோளில் வைத்தார், பிறகு இறக்கிவிட்டார். பன்றி ஓடிப் போயிற்று. நிலத்துக்காரருக்கு அழாத குறை. பெரியவர் டார்ச்சை வாங்கி, பன்றி நின்ற இடத்துக்கு நேர் பின்னால் அடித்துக் காட்டினார். மரச்சீனிக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டின் அடுக்களை ஜன்னல். எஸ்ஜி தோட்டாவில் உள்ள ரவைகள் பரவிப் போகும், பன்றியோடு நிற்காது. "பன்னி நாளைக்கும் வரும்பிலே" என்றார், அவ்வளவுதான். லைசென்ஸுக்கு அலைய வைக்கிற அலுவலகத்தில் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு படிவமும் இல்லை.

ஜீப்பில் திரும்பும்போது அவர் சொன்னது இது: "பன்னி வாறது ராத்திரி பதினொண்ணுக்கு. உத்தரவு எழுதித் தர ஆபீசு தொறக்கியது காலத்தே பத்துக்கு." கொஞ்சம் மிகைதான். பல பஞ்சாயத்துகளில் தலைவர்கள் போனிலேயே சரி என்று சொல்லிவிட்டு மறுநாள் எழுதித் தருகிறார்கள். அப்படிச் செய்யாத தலைவர்களும் உண்டு. செய்தியில் பேர் வருமே என்று பயம்.

சுடுகிறவருக்கு ஒரு பன்றிக்கு 1,500 ரூபாய் என்று அரசு வைத்திருக்கிறது, புதைக்கத் தனிப் பணம். தோட்டா விலை, வண்டி வாடகை, உறக்கம் கெட்ட கூலி எல்லாம் அதற்குள். குழி வெட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி மூடும்போது சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி பாதியில் நின்றதுபோல் ஒரு துக்கம்.

தேர்தல் அறிவித்துவிட்டால் இதுவும் நின்றுபோகும். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். யாருக்கு விலக்கு தரலாம் என்று பார்க்கக் குழு உண்டு, ஆனால் அது கூடி முடிவெடுப்பதற்குள் வாழை குலை தள்ளிவிடும். பாராளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று மாறி மாறி வருகிறது. வாக்குச்சாவடிக்குக் காவல் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதே அரசு பேனலில் பேர் சேர்த்து, கூலியும் பேசி வைத்திருக்கிற ஆளை, அந்த இரண்டு மாதம் மட்டும் ஏன் சந்தேகப்படுகிறது என்பதுதான் புரியவில்லை. குடகில் பாருங்கள். கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுத லைசென்ஸே வேண்டாம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் கொடுத்த விலக்கை 2019இல் மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. குடகுக்குக் கொடுத்ததை எல்லோருக்கும் கொடு என்று நான் கேட்கவில்லை. துப்பாக்கி அதிகமான ஊர் எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்கென்று குழலின் வாய் வழியாக மருந்து இடிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர ஏற்பாடு வைத்திருக்கிறது. விவசாயி துப்பாக்கி வைத்திருப்பான் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி எல்லைக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பனச்சமூட்டில் கடைத்தெருவுக்குள்ளேயே எல்லை ஓடுகிறது. பன்றிக்கு அந்தச் சங்கதி தெரியாது. கேரளப் பக்கம் பஞ்சாயத்துத் தலைவர் சொன்னால் ஊர்க்காரரே சுடலாம். தமிழ்நாட்டுப் பக்கம் 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். கிராமக் குழு கூடி, விஏஓ பார்த்து, வனத்துறைக்குச் சொல்லி, பயிற்சி பெற்றவர் வர வேண்டும். அண்ணன் விளை வெள்ளறடையில், தம்பி விளை அருமனையில் என்று இருக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. ஒரே பன்றிக் கூட்டத்துக்கு ஒரு வீட்டில் இரண்டு சட்டம்.

சட்டம் தாமதிக்கிற இடத்தில் கம்பி வருகிறது. மின் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுத்து வேலியில் கட்டுகிற கம்பி. 2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரையில் பன்றிக்கு வைத்த மின்பொறியில் போலீஸ்காரர் இருவர் செத்தார்கள். 2025 ஜூனில் நிலம்பூர் வழிக்கடவில் மீன் பிடிக்கப் போன பள்ளி மாணவன் ஒருவன். 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்து வாய் கிழிந்து செத்த கருவுற்ற யானைக்காக உலகமே அழுதது. அந்த வெடி பன்றிக்கு வைத்தது. நம் பக்கத்தில் அவுட்டுக்காய் என்பார்கள். பன்றியைச் சுடலாமா கூடாதா என்று வாதம் செய்கிறவர்கள் இந்தக் கம்பியையும் அவுட்டுக்காயையும் கணக்கில் எடுப்பதே இல்லை. துப்பாக்கி இல்லாவிட்டால் பன்றி உயிரோடு இருக்கும் என்பது அவர்கள் நினைப்பு.

இதெல்லாம் எழுதிய பிறகு, பன்றியை வெர்மின் என்று அறிவித்துவிடலாமே என்று கேட்பார்கள். கேரள அரசு பலமுறை கேட்டது, மத்திய அரசு மறுத்தது. 2025 அக்டோபரில் சட்டமன்றம் தன் சொந்தத் திருத்த மசோதாவையே நிறைவேற்றியது. மாநிலமே அப்படி அறிவித்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு பகுதி. மத்திய சட்டத்தைத் திருத்துவதால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். இந்த விஷயத்தில் நான் ஊர்க்காரர்களோடு ஒத்துப்போகவில்லை, பெரியவரிடமும் சொல்லிவிட்டேன். வெர்மின் என்றால் அந்த இடத்தில் அந்தக் காலத்துக்குப் பன்றிக்குச் சட்டத்தின் காப்பே இல்லை. யார் அடித்தார், எத்தனை அடித்தார், ஆணா பெண்ணா, எங்கே புதைத்தார் என்று எழுதி வைக்க யாருக்கும் கடமை கிடையாது. 2016இல் பீகாரில் நீல்காயை அப்படி அறிவித்து, ஹைதராபாத்திலிருந்து ஷஃபாத் அலி கான் போய் மொகாமாவில் சுட்டார். டெல்லியில் மேனகா காந்தியும் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜாவடேகரும் பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள். சுட்டதால் மறு வருடம் பயிர் எவ்வளவு மிஞ்சியது என்ற கேள்வி அந்தச் சண்டையில் யார் காதிலும் விழவில்லை.

இங்கேதான் துரைமார் கிளப்புகளிடம் கற்க ஒன்று இருக்கிறது, மனமில்லாமல் சொல்கிறேன். நீலகிரி கேம் அசோசியேஷன் 1877இல் தொடங்கியது. இரண்டு வருடத்தில் நீலகிரிக்கென்று வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டமே வந்தது. எந்த மாதம் சுடக் கூடாது, எதைச் சுடக் கூடாது, எல்லாம் எழுத்தில். அவர்கள் புண்ணியவான்கள் இல்லை, அடுத்த வருடமும் சுட மிருகம் வேண்டுமே என்ற கவலை. மூணாறில் தோட்டத் துரைமார் வேட்டைக்கென்று காத்த புல்வெளிதான் 1975இல் சரணாலயமாகி, 1978இல் இரவிகுளம் தேசியப் பூங்கா ஆயிற்று. வரையாடு இன்று நிற்கிற முக்கிய இடம் அது. அந்த நீலகிரிச் சங்கத்தில் பிறகு வந்த ஈ.ஆர்.சி. டேவிதார் வக்கீல், வேட்டையும் தெரிந்தவர். 1963இல் மலை ஏறி நீலகிரி வரையாடுகளை எண்ணியவர் அவர்தான். துப்பாக்கி பிடித்தவர்கள் எண்ணிக்கை வைத்திருந்தார்கள்.

நம் பஞ்சாயத்திலும் அது வேண்டும். எந்த வார்டில், எந்தத் தேதியில், எத்தனை பன்றி, எத்தனை தோட்டா, எவ்வளவு மரச்சீனி போயிற்று என்று ஒரு நோட்டு, அலுவலக வாசலில் யாரும் புரட்டும்படி. மகஜர் இப்போதும் எழுதுகிறார்கள். எழுதி பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். மூன்று வருட நோட்டு கையில் இருந்தால் தரிசு ரப்பர் விளைக்காரனிடம் அடிக்காட்டை வெட்டு என்று சொல்லலாம், தேர்தல் நேரத்துக் குழுவிடம் இந்தத் துப்பாக்கியை விடு என்று கேட்கலாம், வெர்மின் வேண்டுமா வேண்டாமா என்பதையும் எண் வைத்துப் பேசலாம்.

அதற்குள் துப்பாக்கி பிடிக்க ஆள் இருக்க வேண்டுமே. பெரியவரின் மகன் ஷார்ஜாவில், அவனுக்கு இந்தத் தலைவலி வேண்டாம். 2016 ஆயுத விதிகளில் எழுபது வயதானவரோ, இருபத்தைந்து வருடம் துப்பாக்கி வைத்திருந்தவரோ வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. மகள் நெய்யாற்றின்கரையில் பள்ளி ஆசிரியை. அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது போன வாரம்தான் தெரிந்தது. "வேண்டாம்னு நான் எப்பம் சொன்னேன்?" என்றாள். பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், கலெக்டரேட்டில் மனு கொடுக்க வேண்டும், போலீஸ் விசாரணை வரும். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை குடப்பனக்குன்னு பஸ் ஏறுவதாக இருக்கிறாள், அப்பாவும் கூடப் போகிறார்.