கழற்றிப் பூட்டத் தெரிந்தவரே கற்றவர்



வானொலி அலைகளால் இயக்கப்படும் விளையாட்டு வண்டிகள் இரண்டு வகையாக விற்பனையாகின்றன. ஒன்று, பெட்டியைத் திறந்தவுடன் ஓடவிடக்கூடியது. மற்றையது, உதிரிப் பாகங்களாக வந்து நாமே பூட்டவேண்டியது. உடனே ஓட்டலாம் என்பதால் முதலாவதைப் பலர் விரும்புவர். ஆனால் கற்கும் வயதினருக்கு இரண்டாவதே ஏற்றது என்பது எமது கருத்தாகும்.

பெரிய சில்லுகளைக் கொண்ட மொன்ஸ்டர் ட்ரக் வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த பொப் சான்ட்லர், 1970களில் தமது போர்ட் ட்ரக் வண்டிக்கு மிகப் பெரிய டயர்களைப் பூட்டி அதற்குப் ‘பிக்புட்’ எனப் பெயரிட்டார். 1981 இல் அவ்வண்டி பழைய கார்களின் மீது ஏறி அவற்றை நசுக்கிக் காட்டியது. இவ்வகை வண்டிகள் புகழ்பெற்றதைத் தொடர்ந்து, ஜப்பானின் டமியா நிறுவனம் 1987 இல் ‘குளொட் பஸ்டர்’ என்னும் மாதிரி வண்டியை உதிரிப் பாகங்களாக வெளியிட்டது. உண்மையான வண்டியின் பத்திலொரு பங்கு அளவான இதில் முன்னச்சுக்கு ஒன்றும் பின்னச்சுக்கு ஒன்றுமாக இரண்டு மோட்டர்கள் உள்ளன.

இத்தகைய வண்டியைப் பூட்டுபவர், தாம் படித்த விஞ்ஞானத்தைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். மோட்டர் மிக வேகமாகச் சுழன்றாலும் பெரிய சில்லை நேரடியாகத் திருப்பும் வலு அதற்கில்லை. 12 பற்களுள்ள பற்சில்லு 48 பற்களுள்ளதைச் சுழற்றினால் வேகம் நான்கிலொன்றாகக் குறையும். விசைத் திருப்பமோ ஏறக்குறைய நான்கு மடங்காகும். 1.2 வோல்ற்று மின்கலங்கள் ஆறு தொடராக இணைக்கப்படும்போது 7.2 வோல்ற்று கிடைக்கிறது. முன்னைய கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவற்றின் மீடிறன் 27 மெகாஹேட்ஸ். அலையின் வேகமான செக்கனுக்கு 30 கோடி மீற்றரை இதனால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் ஏறத்தாழ 11 மீற்றர். இன்று பெரிதும் பயன்படும் 2.4 கிகாஹேட்ஸ் அலையின் நீளமோ 12.5 சென்ரிமீற்றர் மாத்திரமே. பழைய கருவிகளுக்கு நீண்ட அன்ரெனா தேவைப்பட்டதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இவற்றிலும் மேலான பயன் ஒன்றுண்டு. அதுவே தவறைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம். ஒரு மோட்டரின் வயர்களை மாறித் தொடுத்துவிட்டால், முன்னச்சு முன்னோக்கியும் பின்னச்சு பின்னோக்கியும் இழுக்கும். வண்டி நின்ற இடத்திலேயே திணறும். பற்சில்லுகளை மிக நெருக்கிப் பூட்டினால் உராய்வு கூடி மோட்டர் சூடாகும். மிகத் தளர்த்திப் பூட்டினால் பற்கள் தேய்ந்துபோகும். இங்கே விடையை மனனம் செய்து தப்பமுடியாது. கழற்றிப் பார்த்து, காரணத்தைக் கண்டறிந்து, மீண்டும் பூட்டவேண்டும். தயார் வண்டி பழுதடைந்தால் அது குப்பைக்கூடைக்குப் போகிறது. தானே பூட்டிய வண்டி பழுதடைந்தால் எந்த ஆணியைக் கழற்றவேண்டும் என்பது பூட்டியவருக்குத் தெரியும்.

‘இவை விலை கூடியவை, பரீட்சை ஆண்டில் இதற்கு நேரமேது?’ என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லோரும் இதனை வாங்கவேண்டும் என நாம் கூறவில்லை. வீட்டில் ஓடாமற் கிடக்கும் விளையாட்டுக் காரிலும் மோட்டரும் பற்சில்லும் இருக்கின்றன. மின்கலத்தை அகற்றிவிட்டு, விடுமுறை நாளொன்றில் அதனைக் கழற்றுங்கள். ஒவ்வொரு பாகமும் இருந்த இடத்தை வரைந்து வையுங்கள். பின்னர் வரைபடத்தைப் பார்த்து மீண்டும் பூட்டுங்கள்.

சூத்திரத்தை எழுதத் தெரிந்தவருக்குப் புள்ளிகள் கிடைக்கும். அச்சூத்திரம் வண்டியின் எந்த இடத்தில் வேலை செய்கிறது எனக் காட்டத் தெரிந்தவருக்கோ, பரீட்சை முடிந்த பின்னரும் அது மறக்காது.