தொழுக்கட்டையோடு சட்டத்தையும் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர்கள் பலரும் எங்கள் மகாராஜபுரம் வழியாகத்தான் தாணிப்பாறை அடிவாரத்துக்குப் போகிறார்கள். ஆண்டாள் கோயிலுக்கும் அய்யனார் அருவிக்கும் வருகிற கூட்டம் தனி. அவர்களுக்குக் காட்டக் கோபுரமும் நாயக்கர் அரண்மனையும் இருக்கின்றன. ஊர்ச் சாவடியில் தண்டனை அனுபவித்த சனங்களின் வரலாற்றைச் சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

தண்டனை வரலாற்றை வேடிக்கையாக்கிவிடுவதும் உண்டு. அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க்கில் தண்டனைக் கட்டை ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். பயணிகள் அதில் கழுத்தையும் கையையும் நுழைத்துச் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். கழுத்தை மாட்டும் அந்தத் தண்டனையை இங்கிலாந்து 1837-இல் ஒழித்துவிட்டது. ஆனால் அதே ஆங்கிலேயரின் ஆட்சி, இங்கே காலை மாட்டும் தொழுக்கட்டையைச் சட்டத்திலேயே வைத்திருந்தது.

சென்னை மாகாணத்தின் 1816-ஆம் ஆண்டு 11-ஆவது ஒழுங்குமுறைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். வாய்த்தகராறு, சிறு கைகலப்பு போன்றவற்றுக்குக் கிராமத் தலைவரே தண்டிக்கலாம். பொதுவான தண்டனை, சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைப்பது. 'கீழ்ச்சாதி' ஆள் என்றால் 6 மணி நேரம் வரை தொழுவில் மாட்டலாம். இத்தனை இழிவான தண்டனை அவர்களுக்குத் தகாததில்லை என்ற நினைப்பு அந்தச் சட்ட வாசகத்திலேயே இருக்கிறது. இரண்டு பலகை, நடுவே கால் நுழையத் துளை. மேல்பலகையை இறக்கிப் பூட்டிவிட்டால், வெயில் நகரும், ஆள் நகர முடியாது. போகிற வருகிறவர்களெல்லாம் பார்ப்பார்கள்.

வரி வசூலுக்காகக் கிட்டி போட்டு விரலை நசுக்கியதையும், அனுந்தால் கட்டி ஆளை வளைத்து வைத்ததையும் 1855-இல் சென்னை சித்திரவதை விசாரணைக் குழு பதிவு செய்தது. அவை சட்டத்துக்குப் புறம்பான கொடுமைகள். தொழுக்கட்டையோ சட்டமே கொடுத்த தண்டனை.

வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. இழுத்தவர் யார், எதற்காக என்று தெரிவதால்தான் அது வேடிக்கைப் பொருளாகவில்லை. நான் கேட்பதும் அதுபோன்ற ஏற்பாடுதான். மாவட்டத்தில் அருங்காட்சியகமோ சுற்றுலாத் திட்டமோ அமையும்போது, தொழுக்கட்டையின் மாதிரி ஒன்றை வையுங்கள். யாரும் காலை நுழைத்துப் பார்க்காதபடி தடுப்பு போடுங்கள். பக்கத்திலேயே அந்தச் சட்டப்பிரிவை எல்லோருக்கும் புரியும் தமிழில் எழுதி வையுங்கள். செல்ஃபி பாயிண்ட் மட்டும் வேண்டாம்.

பழையதைக் கிளறினால் சாதிப் பிரச்சினை வரும் என்று உங்களிடம் சிலர் சொல்லக்கூடும். எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தைத் தொழுவில் போட்டது என்று எழுதச் சொல்லவில்லை. அரசாங்கம் போட்ட சட்டத்தை அரசாங்கமே காட்ட வேண்டும் என்கிறேன். கிராமத் தலைவராக இருந்த கிராம முன்சீப்பின் பதவி 1980-இல்தான் ஒழிந்தது. அந்த அதிகாரத்தைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, பழைய கிராமக் கணக்குகளையும் காவல் பதிவேடுகளையும் தாலுகா ஆவணக் காப்பறைகளில் தேட உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
மகாராஜபுரம் வாசி ஒருவர்