உடைந்தது குழாய், உடைத்தவன் தொழிலாளியா?

லயத்து வீட்டிலே தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டால் முதலில் எழ வேண்டிய கேள்வி, "எங்கே அடைப்பது?" என்பதுதான். ஆனால் நம் தோட்டங்கள் பலவற்றிலே முதலில் எழுகிற கேள்வி வேறு. "யார் உடைத்தது?" என்பதே அது. அடுப்படியில் பெருகிய தண்ணீர் கூடத்துக்கு வந்து, அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களையும் நனைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்திலே ஆபீசிலிருந்து பதில் வரும்: "வெளியே உடைந்தால் எங்கள் வேலை. வீட்டுக்குள்ளே உடைந்தால் வீட்டுக்காரன் பாடு. செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம்."

இந்தப் பதிலை நாம் ஏற்க முடியாது. இது நியாயமும் அல்ல, சட்டமும் அல்ல. இது ஏதோ ஒரு தோட்டத்து ஒரு வீட்டுச் சங்கதி என்று மற்றவர்கள் சும்மா இருப்பதற்கும் இல்லை. இன்று அவன் வீட்டுக் குழாய்; நாளை நம் வீட்டுக் குழாய்.

யார் இந்த வீட்டுக்காரன்?

"வீட்டுக்காரன்" என்ற சொல்லையே முதலில் எடுத்துப் பார்ப்போம். பிள்ளைகள் பெரியவர்களாகி, பின்புறம் ஓர் அறை இழுத்துக் கட்ட வேண்டுமானால் தொழிலாளி யாரைக் கேட்க வேண்டும்? நிர்வாகத்தை. வேலையை விட்டு நின்றால் வீடு யாருக்குப் போகிறது? நிர்வாகத்துக்கு. முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு மரம் சீவி, முதுகு வளைந்து ஓய்வு பெறுகிற நாளிலே, "காலி செய்" என்று கடிதம் கொடுப்பது யார்? அதுவும் நிர்வாகமே. தோட்டம் கைமாறி, மரம் சாய்ந்து, அந்த மண்ணிலே வீடமைப்புத் திட்டம் எழும்பும்போது லயத்தை இடிக்கிற உரிமை யாருக்கு? அதையும் தொழிலாளியிடம் யாரும் கேட்பதில்லை.

இத்தனை சந்தர்ப்பத்திலும் வீடு தோட்டத்தின் சொத்து. குழாய் வெடித்த அன்று ஒரு நாள் மட்டும் அது தொழிலாளியின் சொத்தாகிவிடுமோ? உரிமை வருகிறபோது "இது எங்கள் வீடு" என்றும், செலவு வருகிறபோது "இது உன் வீடு" என்றும் பேசுகிற இந்த இரட்டை நாக்கைத்தான் நாம் எதிர்க்கிறோம். வீடு நம்முடையது என்றால் பட்டாவைக் கொடுங்கள். குழாயை நாமே பார்த்துக்கொள்கிறோம். பட்டா இல்லையென்றால் பழுது பார்க்கிற கடமை உங்களுடையது.

சட்டம் எந்தப் பக்கம்?

வெள்ளைக்காரத் துரைமார் ஆண்ட காலத்திலேயே, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடியிருப்பையும் குடிதண்ணீரையும் தோட்ட முதலாளியின் பொறுப்பிலே வைத்தது. சுதந்திரத்துக்குப் பின் 1966-ஆம் ஆண்டிலே தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதுதான் 446-ஆம் சட்டம். 2019-ல் அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தேதி தொடங்கி, தோட்டத்துக்கு வெளியே மற்றத் தொழில்களில் தங்குமிடம் பெறும் தொழிலாளருக்கும் விரிந்தது.

அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவை ஒவ்வொரு கிளைத் தலைவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் வீடு கொடுக்கிற முதலாளி, பொதுக் குழாயிலிருந்து போதிய தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கட்டடத்தை நல்ல நிலையிலே பழுது பார்த்து வைத்திருக்க வேண்டும். இதிலே "வாசலுக்கு வெளியே மட்டும்" என்ற பேச்சுக்கு இடமில்லை. சுவருக்குள்ளே ஓடுகிற குழாய் கட்டடத்தோடு சேர்ந்தது இல்லையென்றால் வேறு எதோடு சேர்ந்தது?

சிலர் தண்ணீர் வாரியத்தைக் கைகாட்டித் தப்பப் பார்ப்பார்கள். வாரியத்தின் பொறுப்பு மீட்டர் வரையிலே. மீட்டருக்கு அப்பால் ஓடும் குழாய் அவர்கள் தலையில் இல்லை. தோட்டத்து எல்லையிலே ஒரே பெரிய மீட்டர் வைத்திருக்கிற இடங்களில், அந்த மீட்டரிலிருந்து கடைசி லயத்து அடுப்படி வரை உள்ள அத்தனை அடிக் குழாயும் தோட்டத்தின் குழாயே. வீட்டுக்கு வீடு மீட்டர் இருந்தாலும், கட்டடத்தைப் பழுது பார்க்கிற கடமை அதனால் கை மாறுவதில்லை.

சம்பளப் பிடித்தம்? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படியுங்கள். அந்தச் சட்டம் அனுமதித்த பிடித்தம் தவிர வேறு எந்தப் பிடித்தமும் கூடாது. அனுமதித்தவற்றிலும் சிலவற்றுக்குத் தொழிலாளியின் எழுத்துமூலமான வேண்டுகோள் வேண்டும். சிலவற்றுக்குத் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநரின் அனுமதியும் வேண்டும். கிராணி பேனாவால் கோடு கிழித்து எடுத்துக்கொள்கிற காசு அல்ல நம் சம்பளம்.

குழாய் ஏன் வெடிக்கிறது?

"நீங்கள் முரட்டுத்தனமாகத் திருகுகிறீர்கள், பிள்ளைகள் தொங்குகிறார்கள், அதனால் உடைகிறது" என்பது அடுத்த வாதம். குழாயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவன் இப்படிப் பேச மாட்டான்.

பழைய லயங்களில் இருப்பது நாகம் பூசிய இரும்புக் குழாய். வருஷங்கள் போகப் போக அந்தப் பூச்சு கரைந்து உள்ளே துரு ஏறுகிறது. துரு ஏற ஏறக் குழாயின் வழி குறுகுகிறது, சுவர் மெலிகிறது. வெளியே சாயம் பூசியிருப்பதால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். இரவிலே ஊர் உறங்கி, தண்ணீர்ச் செலவு குறைகிறபோது குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது. நடுச்சாமத்திலே யாரும் தொடாத குழாய் தானாக வெடிப்பது இதனால்தான். அந்த நேரத்திலே எந்தப் பிள்ளை தொங்கியது?

தண்ணீர் நின்று மறுபடியும் வருகிற நாளைக் கவனியுங்கள். வெறுங் குழாயிலே அடைந்த காற்றும், பாய்ந்து வருகிற தண்ணீரும் மோதுகிற மோதலில் பலவீனமான மூட்டு கழன்றுவிடும். 1998-லும் 2014-லும் சிலாங்கூரிலே தண்ணீர்ப் பங்கீடு நடந்ததை நாம் மறக்கவில்லை. நிறுத்துவதும் திறப்பதுமாக இருந்தால் பழைய குழாய் என்ன பாடுபடும்? இன்னொன்று: ஆழமாகப் புதைக்காத குழாய்க்கு மேலே லாரியும் டிராக்டரும் ஓடினால் அது எத்தனை நாள் தாங்கும்?

நாடு முழுவதற்குமே கணக்கு என்ன? சுத்திகரித்து அனுப்புகிற தண்ணீரிலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கசிவும் திருட்டும் மீட்டர்ப் பிழையுமாகக் காசு வராமல் போகிறது. பழைய குழாய்களை மாற்றுவதே இதற்குப் பெரிய மருந்து என்று பொறியாளர்களே சொல்கிறார்கள். பட்டணத்துச் சாலைக்கு அடியிலே வெடிக்கிற குழாயையும் நம் பால்மரத் தொழிலாளிதான் போய் உடைத்து வந்தானோ?

மரத்திலே கத்தி கொஞ்சம் ஆழமாகப் பட்டு மரத்துக்குக் காயம் ஏற்பட்டுவிட்டால், நிர்வாகம் மரம் மரமாகப் பார்த்துக் கணக்கெடுக்கும். பட்டை எவ்வளவு மிச்சம், இன்னும் எத்தனை வருஷம் சீவலாம் என்று அளந்து வைத்திருக்கும். அப்படிப்பட்ட நிர்வாகத்துக்கு லயத்துக் குழாயின் வயது மட்டும் தெரியாமல் போனது எப்படி?

நம் பக்கத்துக் குறையையும் சொல்வோம்

நியாயம் கேட்கிறவன் நியாயமாகவும் நடக்க வேண்டும். காய்கறிப் பாத்திக்காகக் குழாயை அறுத்து ரப்பர்க் குழல் சொருகுகிறவர்கள் நம்மிலே இருக்கிறார்கள். வாளி நிறைந்த பின்னும் குழாயை மூடாமல் கதை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கசிகிற மூட்டிலே சைக்கிள் டியூப்பைச் சுற்றிவிட்டு, ஆபீசுக்குச் சொல்லாமல் மாதக்கணக்கில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குச் சங்கம் வக்காலத்து வாங்காது. வேண்டுமென்றே கெடுத்தவன் இருந்தால் விசாரியுங்கள். சங்கப் பிரதிநிதியை வைத்துக்கொண்டு விசாரியுங்கள். ஆனால் ஒருவன் செய்த தப்பைக் காட்டி, துருப்பிடித்த குழாய்க்கெல்லாம் லயத்தையே குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தாதீர்கள்.

குழாய் வெடித்தால் என்ன செய்வது என்பதும் நம் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் வால்வை மூட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று லயத்துக்கு இரண்டு பேராவது அறிந்திருப்பது அவசியம். புல் மூடிக் கிடந்தால் இன்றைக்கே வெட்டி வையுங்கள். கால் நனையாமல், உலர்ந்த கையோடு போக முடிந்தால் மட்டும் மின்சார மெயின் சுவிட்சை அடையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடாதீர்கள். பிறகு தாழ்வான ஒரு குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வாளியிலும் தொட்டியிலும் பிடித்து, மூடி வையுங்கள். மூடாத தொட்டி ஏடிஸ் கொசுவுக்கு வீடு. டெங்கிக் காய்ச்சலுக்கு வாசல். டியூப்பும் கம்பியும் வைத்துக் கட்டுவது அன்றைக்கு மட்டும் முதலுதவி. பழுது பார்த்த பின், தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டு, குடிப்பதற்குக் கொதிக்க வையுங்கள். குழாயிலே அழுத்தம் இல்லாதபோது சாக்கடை நீர் உடைந்த வாயால் உள்ளே போயிருக்கும்.

இவ்வளவும் நம் வேலை. இதோடு நம் வேலை முடிந்தது. குழாய் வாங்குவதும் மாற்றுவதும் நிர்வாகத்தின் வேலை.

தாமதத்தின் விலை

கணக்குப் போடுவோம். உடைந்த குழாயிலிருந்து நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் வாளி ஒன்று நிறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணியிலே 600 லிட்டர். ஒரு நாளிலே 14,400 லிட்டர். "ஆள் வரட்டும், சாமான் வரட்டும்" என்று மூன்று நாள் கடத்தினால் 43,200 லிட்டர். ஒரு முழத் துண்டுக் குழாயை மிச்சம் பிடிக்கப் போய், இவ்வளவு தண்ணீரைச் சாக்கடையிலே ஊற்றுகிற நிர்வாகத் திறமையை என்ன சொல்வது?

வால்வை மூடிவிட்டால் தண்ணீர் நஷ்டமில்லை. ஆனால் லயம் முழுவதும் வறண்டுவிடும். அந்தப் பாரம் யார் தலையில்? விடியுமுன்னே எழுந்து, பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பால் எடுத்து, நிறுவைக்குச் சுமந்து, பிற்பகலிலே பால் காய்ந்த துணியோடு திரும்பி வருகிற தாய்மாரின் தலையிலே. அவர்கள் அடுத்த லயத்துக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த நடைக்குச் சம்பளச் சீட்டிலே இடமில்லை.

இன்று நம் லயங்களிலே பக்கத்து வீட்டில் இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத் தோழரும் குடியிருக்கிறார்கள். மொழி தெரியாத அவர்கள் மீது பழி போடுவது இன்னும் சுலபம். அவர்கள் வீட்டுக் குழாய் வெடித்தாலும் ஆபீசுக்கு நாம் கூடப் போக வேண்டும். துரு இனம் பார்த்து ஏறுவதில்லை.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை

ஆபீசிலே உட்கார்ந்திருக்கிற கிராணி நண்பர்களே! உங்களுக்கும் தனிச் சங்கம் உண்டு. நீங்களும் தோட்டத்து வீட்டிலேதான் குடியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் குழாய்க்கும் அதே துருதான். புகார் வந்தால் வாயால் பதில் சொல்லி அனுப்பாதீர்கள். புத்தகத்திலே எழுதுங்கள். தேதி, மணி, வீட்டு எண், யார் சொன்னது, எப்போது ஆள் போனது என்று எழுதுங்கள். நீங்கள் எழுதுகிற அந்த ஒரு வரி தொழிலாளிக்கும் சாட்சி, உங்களுக்கும் காப்பு. நாளை விசாரணை என்று வந்தால், "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று மேலே இருப்பவர் கைகழுவும்போது, உங்கள் புத்தகமே உங்களைக் காப்பாற்றும்.

நாம் கேட்பது

நாம் கேட்பது அதிகமில்லை. பழைய இரும்புக் குழாய்களை வருஷ வாரியாகத் திட்டம் போட்டு மாற்றுங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் கைக்கெட்டும் இடத்திலே வேலை செய்கிற வால்வு வையுங்கள். உடைப்பு என்று சொன்ன இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பழுது பாருங்கள். அதுவரை லாரியில் தண்ணீர் அனுப்புங்கள். பழுதுச் செலவைச் சம்பளத்திலே பிடிக்கும் பேச்சை இன்றோடு விடுங்கள்.

தொழிலாளத் தோழர்களே! தாய்மார்களே! குழாய் உடைந்தால் வாய்மொழியோடு நிற்காதீர்கள். இரண்டு பிரதியாகக் கடிதம் எழுதி, ஒன்றிலே ஆபீஸ் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியிலே படம் எடுத்து வையுங்கள். கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அதன் பிறகு தொழிலாளர் இலாகா இருக்கிறது. "பழுதுச் செலவை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்று எழுதிய தாளை யாராவது நீட்டினால், அவர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும், கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டும் வைக்காதீர்கள். அந்தத் தாளை அப்படியே மடித்துச் சங்கக் கிளைக்கு எடுத்து வாருங்கள். மற்றதைச் சங்கம் பேசும்.