கோடை விடுமுறையில் வயலுக்கு வரட்டும் மாணவர்கள்

மே மாதத்தில் அரியமங்கலம் சுற்றுப்புற நெல் வயல்களில் அவ்வளவாக வேலை இராது. மண் மாதிரி எடுக்க நிலம் சும்மா கிடக்கும் இந்தக் காலமே ஏற்றது. தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் படிக்கும் திருச்சிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அப்போதுதான் விடுமுறை. இவ்விரண்டையும் ஏன் ஒன்று சேர்க்கக் கூடாது?

கோடை ஆராய்ச்சிப் பயிற்சி என்பது புதிய செய்தி அல்ல. பெங்களூர், புதுடில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து, ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இரண்டு மாதப் பயிற்சி தருகின்றன. இளங்கலை மாணவர்களும் மனுச் செய்யலாம். உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. விவசாயி வீட்டுப் பிள்ளைகள் இதை அவசியம் விசாரிக்க வேண்டும். முந்தைய ஆண்டின் கடைசியிலேயே மனுச் செய்ய வேண்டியிருப்பதால், பரீட்சை முடியட்டும் என்று இருந்தால் வாய்ப்புப் போய்விடும். ஆனால் இடம் கிடைப்பது சிலருக்கே. மற்றவர்களுக்கு உள்ளூரிலேயே வேலை காத்திருக்கிறது.

சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் நகரத்துக்குள் புகுந்து வரும்போது சாக்கடையும் அதில் கலக்கிறது. ஆற்று நீர் குறையும் கோடையில் அந்தக் கழிவின் பங்கு கூடும். அரியமங்கலத்தில் பல பத்தாண்டுகளாக மாநகரக் குப்பை மலையாகக் குவிந்ததும், பின்னர் அதைச் சலித்துப் பிரிக்கும் வேலை நடந்ததும் ஊரறிந்த விஷயம். இத்தகைய குப்பை மண்ணை வயலில் போடலாமா என்பதைக் கறுப்பு நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நகரக் குப்பைக் கம்போஸ்டில் கிலோவுக்குக் காரீயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. அதை அளந்து பார்ப்பதும், வாய்க்கால் நீரின் உப்புத்தன்மையை வாரந்தோறும் குறிப்பதும் ஒரு மாணவருக்கு இரண்டு மாதத்துக்குத் தகுந்த நல்ல ஆராய்ச்சி.

வேளாண் கல்லூரி மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயில்வது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பிற உயிரியல் மாணவர்களுக்குப் பெரும்பாலும் அது இல்லை. நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரியும், தாயனூரில் 1993-இல் தொடங்கிய வாழை ஆராய்ச்சி மையமும் இருக்கையில், வழிகாட்ட ஆள் இல்லை என்று நகரக் கல்லூரிகள் சொல்ல முடியாது.

விவசாயிகளும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். வந்த பிள்ளை வரப்போரத்திலோ, எருக்குழிக்குப் பக்கத்திலோ, மர நிழலிலோ மண் எடுத்தால் தடுக்கலாம். நெல் வயலில் பல இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அதில் அரைக் கிலோ கொடுத்தால் போதும். மண்ணைக் கொடுக்கும்போதே, முடிவைத் தமிழில் எழுதி விதைப்புக்கு முன்பு தர வேண்டும் என்று பேராசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. கல்லூரி அலமாரியில் தூங்கும் அறிக்கையால் வயலுக்கு என்ன பயன்? உர அளவுக்கு மட்டும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையச் சிபாரிசையே பின்பற்ற வேண்டும். மாணவரின் கணக்கு அதற்கு ஈடாகாது.